சாப்பாட்டு டேபிளில் நான் சொன்ன ஒரு பேச்சு

1. நண்டு வெந்து வந்த காலை

ஒரு வாரக் காய்ச்சல் முடிந்து கம்பெனிக்குத் திரும்பிய அன்றுதான் என் மூக்கு வேலை செய்யவில்லை என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. தூத்துக்குடியில் நண்டுச் சதை எடுத்து, டப்பாவில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி அது. வெந்த நண்டின் வாடை, வேன் கேட்டில் திரும்பும்போதே முகத்தில் அடிக்கும். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதல் வாரம் சோறு இறங்காது. அன்று வேன் திரும்பியது, இறங்கினேன், கம்பூட்ஸ் மாட்டினேன், குளோரின் தண்ணீரில் கையை முக்கினேன். ஒன்றும் தெரியவில்லை. மழைத்தண்ணீரில் கை வைத்த மாதிரி இருந்தது.

வீட்டில் காப்பி வெந்நீர் மாதிரி இருந்தபோது நாக்குக் கசப்பு என்று நினைத்திருந்தேன். அந்த வருடம் அந்தக் காய்ச்சல் கண்ட பல பேருக்கு இப்படி ஆனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மற்றவர்களுக்கு என்றால் சமாளித்துக்கொள்ளலாம். எனக்கு வேலையே மூக்குதான். பதினான்கு வருடம் சதை எடுக்கிற டேபிளில் இருந்தேன். விரல் மூட்டெல்லாம் கோணிப்போன பிறகு, ரோசம்மாவுக்கு மூக்கு நல்லாருக்கு என்று சொல்லி வாசனை டேபிளில் உட்கார வைத்தார்கள். மாஸ்க்கை இறக்கி ஒவ்வொரு டப்பாவையும் மோந்து பார்க்க வேண்டும். நல்ல சதையில் லேசான இனிப்பு வாடை இருக்கும். கெட ஆரம்பித்தது ஐஸ் பிளாண்ட் அமோனியா மாதிரி குத்தும், முதலில் ஒரு நூல் அளவுக்குத்தான். நல்லதை வலது பக்கம் வைக்க வேண்டும், சந்தேகமானதை இடது பக்கம்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் டேபிள் போகும். கோணின விரலோடு சதை எடுக்க முடியாது, வீட்டுக்குப் போ என்பார்கள். வீட்டில் நான் ஒருத்திதான். வீட்டுக்காரர் போய் ஒன்பது வருடம், மகள் மஸ்கட்டில். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் பக்கத்தில் நிற்பவருக்குச் சமாதானம் சொல்வதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். என் பெயரை ஒருவர் வாய்விட்டுக் கூப்பிடுவது கம்பெனியில் மட்டும்தான்.

டப்பாவை மூக்குக்குக் கொண்டுபோனேன். மோந்த மாதிரி தலையை ஆட்டினேன். நிறத்தையும் விரலில் ஒட்டுகிற பிசுக்கையும் வைத்து ஊகமாக வலது பக்கம் வைத்தேன்.

2. நாசரேத் மேடம்

அதே நாளில், தரம் சோதிக்கிற புது க்யூசி மேடம் ஒருத்தி சேர்ந்தாள். பெயர் ஜெபா. ஊர் கடலுக்குத் தள்ளி நாசரேத் பக்கம், காலேஜ் படிப்பு, முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சிரிக்கமாட்டாள். தலையைக் குனிந்தே நடப்பாள்.

மற்ற டேபிளில் எல்லாம் ஒரு நிமிடம் நிற்பாள். என்னிடம் வந்தால் நகரமாட்டாள். நான் வலது பக்கம் வைத்ததை ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்ப்பாள். தினமும் மூன்று நாலு டப்பாவைச் சத்தமில்லாமல் இடது பக்கம் நகர்த்திவிட்டுப் போவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். என் முகத்தையும் பார்க்கமாட்டாள்.

அந்த டப்பாக்கள் உண்மையில் கெட்டவைதானா என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை. என் மூக்கு போனது யாருக்கும் தெரியாது என்று நம்பினேன். அப்படியானால் எதற்கு என்மேல் சந்தேகம்? நான் பெரியதாழைக்காரி, கடற்கரையில் பிறந்தவள், ஐந்தாம் வகுப்பு. காரணம் அதுதான் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். கேண்டீனில் அவள் தனியாக ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சாப்பிட்டதையும் அதோடு சேர்த்துக்கொண்டேன். எங்கள்மேல் வாடை அடிக்கிறது என்றுதான் தள்ளி உட்காருகிறாள் என்று நினைத்தேன்.

ஒருநாள் மதியம் சாப்பாட்டு டேபிளில் மாரியம்மா கேட்டாள். அவள் சதை எடுக்கிற பிரிவு. ஷெட்டில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"ஏளா ரோசம்மா, அஞ்சு வருசமா மோந்து பாக்க. நேத்து வந்தவ ஒன் டப்பாவத் திருப்பித் திருப்பி மோந்துக்கிட்டு நிக்காளே, என்ன சங்கதி?"

பத்துப் பேர் என்னைப் பார்த்தார்கள். பத்துப் பேர் பார்த்தால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் பேசாததைத் திமிர் என்று நினைத்து இதே மாரியம்மாதான், "பெரிய எடத்து மருமவ வாராவ, வழிவிடுங்களா" என்று கேலி பேசுவாள். இரண்டு வருடம் கழுவுகிற இடத்தில் நின்று அழுதிருக்கிறேன். அந்த நான்தான் அன்று சொன்னேன்.

"கடக்கரை ஆளு மூக்கு அவளுக்கு மூக்காத் தெரியல போல."

சோறு பிசைந்த கைகள் நின்றன.

"கேட்டியளாளா? வாயே தொறக்காத ரோசம்மாவே சொல்லுதான்னா, அவ என்ன பாடு படுத்தியிருப்பா" என்றாள் மாரியம்மா.

சாயங்காலம் வேன் ஏறுவதற்குள் ஷெட் முழுக்க அந்தப் பேச்சு ஓடிவிட்டது. வாயாடி ஒருத்தி சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். சொன்னது நான் என்பதால் அப்படியே நம்பினார்கள்.

3. மேனேஜர் ரூம்

அதன்பிறகு ஜெபா வந்தால் பேச்சு நிற்கும். "மேடம் வாராவ, மூக்கப் பொத்திக்கிடுங்க" என்று யாராவது முணுமுணுப்பார்கள். அவள் வைத்த கும்பிடுக்குப் பதில் கும்பிடு கிடையாது. இரண்டு வாரத்தில் பெண்கள் சேர்ந்து மேனேஜரிடம் புகார் சொன்னார்கள். அவர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"என்ன ஜெபா, இந்தம்மா டேபிள மட்டும் ஏன் டபுள் செக் பண்ணுதீங்க? ஆளு பாத்து நடத்துதீங்கன்னு லேடீஸ் எல்லாம் கம்ப்ளைன்ட்."

அப்போதுதான் அவள் என்னை முதல்முதலாக நேராகப் பார்த்தாள். கோபம் இல்லை. நீங்களே சொல்லுங்கள் என்று கேட்பது மாதிரி இருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் மேனேஜர் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "நான் புதுசு சார். ரோசம்மா அக்கா எப்படி மோந்து பிரிக்காங்கன்னு பாத்துப் படிக்கேன். வேற ஒண்ணும் இல்ல."

"அத அவங்ககிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனாள். பெண்கள் சமாதானம் ஆகவில்லை. அந்த மாதக் கடைசியில் அவளை ஆந்திராவில் இருக்கிற யூனிட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

கடைசி நாள் கை கழுவுகிற இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள். ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினாள்.

"அக்கா, இதுல கிராம்பு இருக்கு. காலையும் சாயங்காலமும் கண்ண மூடிக்கிட்டு மோந்து பாருங்க. எங்க அம்மைக்கு வாசனை இப்படித்தான் திரும்பி வந்துச்சு. நாளாவும், விட்ராதீங்க."

பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். "எப்பம் தெரிஞ்சுது மேடம்?"

"வந்த அன்னைக்கே. ஒரு டப்பா ரெண்டு டேபிள் தள்ளி நின்ன எனக்கே குத்துச்சு. நீங்க மூக்குல வச்சிட்டுத் தலையாட்டினீங்க."

"ஆபீஸ்ல சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா ஒங்கள அனுப்பிருவாங்க. திரும்பி வார வரைக்கும் நான் பாத்துக்கிடலாம்னு நெனச்சேன்." தண்ணீரை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "ஒங்ககிட்டயாவது பேசியிருக்கணும். எனக்குப் பேச வராதுக்கா."

வேன் ஹாரன் அடித்தது. போய்விட்டாள்.

4. பிறகு

மறுநாள் முதல் டப்பா வருவதற்குள் மேனேஜர் ரூமுக்குப் போனேன். "சார், எனக்கு வாசனை தெரியல. மாசத்துக்கு மேல ஆச்சு. அந்தப் பிள்ளதான் என் டப்பாவ எல்லாம் பாத்துச்சு" என்றேன். நன்றாகத் திட்டினார். ஏற்றுமதியில் கெட்ட டப்பா ஒன்று போயிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். திட்டி முடித்துவிட்டு, ஏப்ரன் துவைக்கிற இடத்துக்கு அனுப்பினார். வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. அந்த மனிதரையும் நான் தப்பாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறேன்.

மாரியம்மாவிடமும் மற்றவர்களிடமும் உள்ளதைச் சொன்னேன். எட்டு நாள் ஒவ்வொருத்தியாகப் பிடித்துச் சொன்னேன்.

"ரோசம்மாவுக்கு நல்ல மனசு. போனவளக் குறை சொல்லப்பிடாதுன்னு பழிய தன் தலையில போட்டுக்கிடுதா" என்றாள் மாரியம்மா. எல்லோரும் தலையாட்டினார்கள். பொய்யை ஒருதரம் சொன்னதும் நம்பினார்கள். உண்மையை எத்தனை தரம் சொல்லியும் ஏறவில்லை. இன்றைக்கும் அங்கே அவள் பெயர் ஆளு பாத்து நடத்துன நாசரேத் மேடம்தான்.

ஏப்ரன் துவைக்கிற இடம் ஷெட்டுக்குப் பின்னால். மெஷின் சத்தம் மட்டும்தான் துணை. என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட அங்கே ஆள் இல்லை. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

கிராம்பை மோந்து பார்க்க ஆரம்பித்த நாலாவது மாதம் ஒருநாள் காலை, அடுப்படியில் நின்று வழக்கம்போலப் பொட்டலத்தைப் பிரித்தேன். மூக்கின் அடியில் மெல்ல ஒரு காரம் ஏறியது. இன்னொரு தரம் இழுத்தேன். கிராம்புதான். உடனே சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தேன். அவள் நம்பர் என்னிடம் இல்லை. நான் கேட்டு வாங்கவே இல்லை.

வாசனை டேபிளுக்கு வரப்போகிற பிள்ளைகளே, வாசனை தெரியாமல் போனால் அன்றே சொல்லிவிடுங்கள். உங்கள் டப்பாவை யாராவது நகர்த்தினால், ஏன் என்று அவரிடமே கேளுங்கள், பக்கத்து டேபிளில் சொல்லாதீர்கள். நான் கேட்டிருந்தால், பேச வராத இரண்டு பேரும் அந்த ஜன்னல் ஓரத்தில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டிருப்போம்.