முக்கால்வாசி காற்று

காற்றை விற்றுச் சம்பளம் வாங்குவது லேசுப்பட்ட வேலை இல்லை, சாமி. கடல் கடந்து வந்த நம்ம ஆட்கள் கூடுகிற தேக்கா பக்கத்துச் சந்தில் பெட்டி, பூட்டு, பிளக் எல்லாம் விற்கிற கடையில் என் பொறுப்பு காற்றுப்பை. லேப்டாப்பை உள்ளே வைத்து, சின்ன பம்பால் காற்றடித்தால் சுற்றிலும் மெத்தை மாதிரி உப்பிக்கொள்ளும். பயணத்தில் இடிபடாது. விஷயம் இவ்வளவுதான், ஆனால் இதை நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். கவுண்ட்டருக்குப் பின்னால் நின்று நின்று கால் வீங்கியவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

உள்ளே என்ன இருக்கு?

செங்காங் பேட்டையிலிருந்து ஓர் அம்மா வந்தார். சென்னையில் இருக்கிற மாமியாருக்கு டேப்லெட் கொண்டுபோகிறாராம். பாக்கெட்டைப் பிரித்தார், தட்டையாக இருந்த பையைத் தடவினார், விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். நானும் பம்பை எடுத்து அடித்துக் காட்டினேன். பை புஸுபுஸுவென்று எழும்பியதும் முகம் மலரும் என்று நினைத்தேன். எங்கே மலர்ந்தது? வாங்கிப் பணம் கொடுக்கும்போதுகூட ஒரே முணுமுணுப்பு.

“இந்தக் காத்து எங்க வீட்டு ஃபேன்லயே வருதேம்மா!”

முழுசா அடி

விமானம் மேலே ஏறினால் பைக்குள் இருக்கிற காற்று விரியும். அதனால் முக்கால்வாசிதான் அடிக்க வேண்டும். இதைச் சொன்னால் நம்ம ஆட்களுக்கு என்னவோ நான் கால்வாசியை வீட்டுக்கு எடுத்துப்போகிற மாதிரி ஒரு சந்தேகம்.

முருகேசனும் அப்படித்தான். கப்பல் பட்டறையில் வெல்டர், மார்சிலிங் பக்கம் தங்கியிருக்கிறார், சொந்த ஊர் புதுக்கோட்டை. போன லீவில் மகள் பவானிக்கு லேப்டாப் வாங்கித் துண்டில் சுற்றி, தைல பாட்டில்களுக்கு நடுவே சொருகிக்கொண்டு போயிருக்கிறார். வீட்டில் திறந்தால் ஸ்கிரீன் குறுக்கே விரிசல். அந்தப் பெண் ஒரு நிமிஷம் அதையே பார்த்துவிட்டு, “பரவாயில்லப்பா” என்றாளாம். அந்த ஒரு சொல்தான் இவரைத் தூங்கவிடவில்லை. காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளை, இன்னும் தோழி வீட்டு மெஷினில்தான் படிக்கிறது.

இப்போது இரண்டாவது லேப்டாப். “இதுவும் உடைஞ்சா அவ மூஞ்சில எப்படிக்கா முழிப்பேன்?” என்றார்.  ஆனாலும் முக்கால்வாசிக்கு மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“டயர்ல முக்கால்வாசி காத்தோட யாராச்சும் லாரி ஓட்டுவாங்களாக்கா?”

சாந்தியின் சோதனை

என்னோடு வேலை பார்க்கும் சாந்தி இங்கேயே பிறந்து வளர்ந்த பெண், எதற்கும் கடைசியில் ஒரு ‘லா’ போடுவாள். பேச்சைவிட கை வேகம். “அண்ணன், நீங்க நம்பல இல்ல? பாருங்க!” என்று தன் புது போனைப் பைக்குள் போட்டு, முக்கால்வாசி காற்றடித்து, கவுண்ட்டர் உயரத்திலிருந்து கீழே விட்டாள். ஐயோ என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். போனுக்கு ஒன்றுமே ஆகவில்லை! முருகேசன்கூடக் கைதட்டிவிட்டார்.

அந்தக் கைதட்டல்தான் வினை. வெற்றிக் களிப்பில் போனை வெளியே எடுத்து எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள். வழுக்கி விழுந்தது, வெறும் தரையில். சாந்தி குனிந்து எடுத்து, விரிசலைத் துடைத்துப் பார்த்தாள். துடைத்தால் போகிற விரிசலா அது?

“அக்கா, பை நல்ல பை லா. கைதான் சரியில்ல.”

பெட்டி மேல் ஒருத்தர்

யாராவது மேலே ஏறி உட்காராமல் பெட்டி மூடிய தமிழ்க் குடும்பத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. சாந்தி இன்னும் தலையில் கை வைத்துக்கொண்டிருக்கும்போதே செங்காங் அம்மா கணவரோடு திரும்பி வந்தார். விமானத்துக்குள் கையோடு கொண்டுபோகிற சின்னப் பெட்டி, பூட்டு மாட்ட வேண்டுமாம். ஜிப் மூடவில்லை. யாரும் சொல்லாமலே கணவர் ஏறி உட்கார்ந்தார். ‘டப்’ என்று ஒரு சத்தம், தெருவில் போனவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

திறந்தால் காற்றுப்பை கிழிந்து கிடந்தது. நான் அத்தனை சொல்லியும் வீட்டில் பம்பு போட்டு முழுக்க அடித்திருக்கிறார்கள். டேப்லெட் தப்பித்தது. அந்த அம்மா நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார்.

“நல்லவேள, மாமியாருக்கு வாங்கினது. என்னுதா இருந்தா உயிரே போயிருக்கும்!”

ஞாயிற்றுக்கிழமைகள்

அந்த ‘டப்’பைக் கேட்டதும் முருகேசன் லாரி டயர் பேச்சை விட்டுவிட்டார். அவர் கண் முன்னாலேயே முக்கால்வாசி அடித்துக் கொடுத்தேன். பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார்.

அதன் பிறகு தகவலே இல்லை. எனக்கானால் இருப்புக் கொள்ளவில்லை. என் பேச்சைக் கேட்டுத்தானே கொண்டுபோனார்? பை ஓட்டையாகி, மறுபடியும் அந்தப் பெண் “பரவாயில்லப்பா” என்று சொல்லியிருந்தால்? பட்டறைக்கு லீவான ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். சாந்தி சும்மா இருப்பாளா?

“அக்கா, லேப்டாப்புக்கே இப்படின்னா, உங்க பொண்ண ஊருக்கு அனுப்பினா கடைய மூடிடுவீங்க போல!”

திரும்பி வந்த பை

ஒரு ஞாயிற்றுக்கிழமை முருகேசன் வந்து நின்றார். கையில் அதே பை, உப்பிய நிலையில். போச்சு, திருப்பிக் கொடுக்க வந்துவிட்டார் என்று பில் புத்தகத்தைத் தேட ஆரம்பித்தேன்.

“லேப்டாப் என்னாச்சுங்க?”

“மொதல்ல பையத் தெறங்கக்கா.”

வால்வைத் தளர்த்தினேன். உஸ்ஸென்று காற்று இறங்கியது. உள்ளே பிளாஸ்டிக் கவரில் வரிசையாகத் தேன்குழல் முறுக்கு. தொட்டாலே பொடியாகிற ரகம், ஒன்றுகூட உடையவில்லை.

“பவானி சுட்டதுக்கா. அந்த லேப்டாப்லதான் வீடியோ பாத்துப் பாத்துச் சுட்டா. காத்து முக்கால்வாசிதான் அடிச்சிருக்காளாம், கடை அத்தைகிட்ட மறக்காம சொல்லச் சொன்னா.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சாந்தி பார்க்கிறாளே என்று முறுக்கை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டேன். பெட்டியைத் திறந்ததும் மகள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். முருகேசன் காற்று இறங்கிய பையை நாலாக மடித்தார்.

“என்னென்னமோ சொன்னாக்கா, ‘பரவாயில்லப்பா’ மட்டும் சொல்லல.”

காற்றை விற்று என்னத்தைக் கண்டாய் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: சாந்தி விட்டுவைத்தால், முறுக்கு மிஞ்சும்.