பின்னாலேயே வந்த பெண்

போன வருடம் செப்டம்பர் மாதம். இருபதாவது திருமண நாளுக்காக நானும் மனைவியும் லண்டனிலிருந்து ஸ்பெயினின் பில்பாவோ நகருக்குப் போயிருந்தோம். லண்டனில் தோர்ண்டன் ஹீத் பகுதியில் கடை நடத்துகிறவனுக்கு நாலு நாள் ஓய்வு என்பதே பெரிய விஷயம்.

இரண்டாம் நாள் காலை முழுக்க நடந்துவிட்டு, அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான பாஸ்க் மக்களின் பழைய வாழ்க்கையைக் காட்டும் மியூசியம் ஒன்றுக்குள் நுழைந்தோம். வாசலில் நின்ற பெண் ஊழியர் எங்கள் பையை லாக்கரில் வைக்கச் சொன்னார். மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே நீரிழிவு, இன்சுலின் போடுகிறவள். கையில் ஒட்டியிருக்கும் சென்சாரிலிருந்து சர்க்கரை அளவைக் காட்டும் போனும் குளுக்கோஸ் வில்லைகளும் அந்தப் பைக்குள்தான் இருந்தன. அரை மணித்தியாலம்தானே என்று விட்டுவிட்டோம்.

மேல்மாடியில், மேய்ப்பர்கள் சுட்ட கல்லைப் போட்டுப் பால் காய்ச்சிய மரப் பாத்திரங்களும், மீனவர் படகு ஒன்றும் இருந்தன. என்னால் எதையும் ரசிக்க முடியவில்லை. அந்த ஊழியர் அறை அறையாக எங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். வேறு யார் பின்னாலும் போகவில்லை. லண்டனுக்கு அகதியாக வந்த காலத்தில் கடைகளில் இப்படி எத்தனையோ பேர் என் பின்னால் வந்திருக்கிறார்கள். சுர்ரென்று கோபம் வந்தது.

“எங்களைக் கள்ளர் எண்டு நினைக்கிறா போல. போய் நாலு கேள்வி கேக்கப் போறன்” என்றேன்.

மனைவியைத் திரும்பிப் பார்த்தால் முகம் வெளிறி, வியர்வையில் நனைந்து, படகைச் சுற்றியிருந்த கம்பியைப் பிடித்தபடி நின்றாள். நான் தாங்குவதற்குள் கால் மடிந்து உட்கார்ந்துவிட்டாள். சர்க்கரை இறங்கிவிட்டது; குளுக்கோஸ் இருந்த லாக்கரோ கீழே. ஓடுவதா, அவளைப் பிடித்துக்கொள்வதா என்று தெரியாமல் விறைத்துப்போனேன்.

அதற்குள் அந்தப் பெண் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். மனைவிக்கு நினைவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஜூஸ் பெட்டி ஒன்றை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். பதினைந்து நிமிடம் இருக்கும். மனைவியின் முகத்தில் உயிர் திரும்பியது.

“இப்ப பரவாயில்லையப்பா, பயப்பிடாதேங்கோ” என்றாள். நான் கீழே ஓடிப்போய்ப் பையை எடுத்துவந்தேன்.

பிறகு அந்தப் பெண் அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கினார். மனைவியின் கையில் ஒட்டியிருந்த சென்சாரை, நாங்கள் படியேறும்போதுதான் கவனித்தாராம். அவருடைய மகளும் அதே போல ஒன்று ஒட்டியிருக்கிறாளாம். மனைவியின் நடை சரியில்லை என்று பட்டதும் ஜூஸை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். கேட்டால் சங்கடப்படுவோமோ என்று கேட்கவில்லையாம்.

நான் நினைத்ததை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. நன்றி மட்டும் சொன்னேன்.

இத்தனை வருடங்களில் என்மேல் விழுந்த சந்தேகப் பார்வைகள் பொய்யில்லை. ஆனால் அன்று ஒரு நிமிடம் முந்தி நான் அந்தப் பெண்ணிடம் போய் வாயைத் திறந்திருந்தால் அவர் விலகிப் போயிருப்பாரே என்று நினைக்கும்போது இன்றும் நெஞ்சு பதறுகிறது. பக்கத்தில் மனைவி இருக்கிறாள் என்று பார்த்த பிறகுதான் ஆறுகிறது.