மாரிகாலத்துக் கள்ளு

அப்பா செத்து எட்டாம் நாள் எங்கள் வீட்டில் கள்ளுக்காகச் சண்டை நடந்தது. சண்டை போட்டது நானும் சித்தப்பாவும். அப்பாவின் தம்பியான அவர் செத்தவீட்டுக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, எட்டு முடியட்டும் என்று எங்களோடு தங்கியிருந்தார். எனக்கு அப்போது இருபது வயது இருக்கும். கோபம் சுள்ளென்று வரும். இப்போதும் அப்படித்தான்.

எட்டுச் செலவு என்றால் வேறொன்றுமில்லை. செத்தவர் உயிரோடு இருக்கையில் விரும்பித் தின்றது, குடித்தது, புகைத்தது எல்லாவற்றையும் தலைவாழை இலையில் படைப்போம். அவர் வந்து ருசி பார்த்துவிட்டு மனம் ஆறிப் போவார் என்பது நம்பிக்கை. பிடிக்காததை வைத்தால் தொடாமல் திரும்பிவிடுவார். போனவரைப் பட்டினியாகத் திருப்பி அனுப்பிய வீடு என்று பேர் வாங்க எவருக்குத்தான் மனம் வரும்?

அது அறுபதுகளின் தொடக்கம். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, கண்டாவளைப் பக்கம் வந்து நாங்கள் காடு வெட்டி வயலாக்கிய காலம். அப்பாவுக்கு வந்தது சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். வவுனியா ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் இருந்துகொண்டு போனவர் பெட்டியில் திரும்பி வந்தார். நான் அழவில்லை. அழக்கூடாது என்று இருக்கவில்லை, வரவில்லை, அவ்வளவுதான். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தபோது, யாரோ அடுப்பில் வைத்த பால் பொங்கி வழியப் போகிறதே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு வந்த நாட்களிலும் அப்படியே. கூட்டினேன், அரிசி களைந்தேன், மாட்டுக்கு வைக்கோல் போட்டேன். கை கால் எல்லாம் வேறு யாருடையதோ போல் இருந்தது. “கல்லு மனசு பிள்ளைக்கு” என்று ஒரு மனுசி என் காதுபடச் சொன்னாள். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

அம்மா அதைவிட மோசம். அறை மூலையில் பாயில் இருந்தவர் வாய் திறக்கவேயில்லை. தேத்தண்ணி கொடுத்தால் குடிப்பார். கொடுக்காவிட்டால் கேட்கமாட்டார்.

எனக்கு ஒன்றில் மட்டும்தான் பிடிவாதம் மிச்சம் இருந்தது. அப்பாவின் படையல் பிழைக்கக்கூடாது. மீன் குழம்பு அவருக்குப் பிடித்த உறைப்பில் இருக்கவேண்டும், சுருட்டு அவர் பத்துகிற சுருட்டாக இருக்கவேண்டும், கள்ளு பனங்கள்ளாக இருக்கவேண்டும்.

அப்பாவின் கள்ளுக் கதை ஊருக்கே தெரியும். பனங்கள்ளைப் பனையோலை மடித்த பிளாவில்தான் குடிக்கவேண்டும் என்பார். பிளாவைக் கோலி இரண்டு கையாலும் பிடித்து, ஊதி நுரையை ஒதுக்கி, மெல்ல மெல்ல உறிஞ்சுவார். “பனங்கள்ளு வாயிலை வைச்ச உடனை, நீ ஆரெண்டு ஆளைக் கேக்கும். தென்னங்கள்ளு பள்ளிக்கூடப் பிள்ளையள் குடிக்கிற சர்பத்து” என்பார். தென்னங்கள்ளு குடிக்கிறவர்களைக் கண்டால் பகிடி பண்ணாமல் விடமாட்டார். நானும் அவரோடு சேர்ந்து சிரிப்பேன். சின்ன வயதில் மடியில் இருத்தி ஒரு வாய் பருக்கியிருக்கிறார். அம்மா அதற்கு ஏசுவார்.

பிறகு வந்த காலத்தில் இரண்டையும் ருசி பார்த்திருக்கிறேன், மறைத்து என்ன. பனங்கள்ளு தடிப்பு. முதலில் புளிப்பு, பிறகு அடித்தொண்டையில் ஒரு காட்டம், மூக்கில் ஓலையும் மண்முட்டியும் மணக்கும் மணம். தென்னங்கள்ளு நீர்த்தது, இனிப்பு, வெயில் ஏறுவதற்குள் குடித்தால் குளிர்ச்சியாய் இறங்கும். பின்னேரமானால் புளித்துப்போய் ஏப்பம் ஏப்பமாக வரும். சத்தியமாகச் சொன்னால் குடிக்கச் சுகமானது தென்னங்கள்ளுதான். அன்றைக்கு அதை யாராவது சொல்லியிருந்தால் கடித்துக் குதறியிருப்பேன்.

கரைச்சல் என்னவென்றால், அது கார்த்திகை மாதம். மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. அந்த மாரியில் பனையில் எங்கே கள்ளு? தை பிறந்து பாளை வந்தால்தான் சீவுவார்கள். சித்தப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு காலையில் போனவர், மத்தியானம் தெப்பமாய் நனைந்து வந்தார். கையில் ஒரு முட்டி. குசினி வாசலில் வைத்து மூடியைத் திறந்தார். எட்டிப் பார்க்கத் தேவையில்லை, மணமே சொல்லிவிட்டது.

“இது தென்னங்கள்ளு, சித்தப்பா.”

“ஓம் பிள்ளை. வாய்க்காலுக்கு அங்காலை உள்ள தென்னந்தோட்டத்திலை எடுத்தனான். பனங்கள்ளுக்கு நான் எங்கை போக?”

“அப்பா இதைக் கையாலையும் தொடமாட்டார்.”

“ரெண்டும் வெள்ளைதான், ரெண்டும் வெறிக்கும். போன ஆளுக்கு இதிலை என்ன பேதம்?”

“உங்களுக்கு நாக்குச் செத்துப்போச்சு எண்டதுக்காக அவருக்கும் செத்துப்போச்சே?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. சித்தப்பாவின் முகம் சுருங்கிப்போனது. ஆனால் நான் விடவில்லை. இதை வைப்பதென்றால் கள்ளே வேண்டாம், வெறும் பிளாவை வைப்போம், இல்லாவிட்டால் தை மாதம் வரை படையலைத் தள்ளிப்போடுவோம் என்று என்னென்னவோ பிதற்றினேன். எட்டைத் தை மாதம் செய்கிற வீடு உலகத்தில் உண்டா? சித்தப்பா முட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் ஊற்றப் போனார்.

“ஊத்தாதேங்கோ தம்பி.”

அம்மா அறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எழும்பி வந்ததை நாங்கள் காணவில்லை.

“அதையே வை பிள்ளை. மாரியிலை அவர் அதுதான் குடிக்கிறவர்” என்றார்.

“என்னம்மா கதைக்கிறியள்?”

“பனையிலை கள்ளு நிண்டாப்பிறகு அவர் என்ன, பச்சைத் தண்ணியே குடிச்சவர்? வயல் வரம்பு பாக்கப்போறன் எண்டுட்டு அந்தத் தென்னந்தோட்டத்துக்குப் போறவர். வரேக்கை கொய்யா இலையைச் சப்பிக்கொண்டு வருவார், மணம் தெரியக்கூடாதாம். எனக்குத் தெரியாதே அவரின்ரை வாய் மணம்? பிள்ளையிட்டைச் சொல்லிப்போடாதை எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர். நீ பகிடி பண்ணிச் சாக்காட்டிப் போடுவாயாம்.”

சித்தப்பா முட்டியோடு அப்படியே நின்றார். “அண்ணரோ?” என்று கேட்டார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு வீட்டில் சிரிக்கிறோமே என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. ஊரையெல்லாம் நக்கலடித்த மனுசன் கொய்யா இலையைச் சப்பிக்கொண்டு கள்ளப் பூனை போல் வந்திருக்கிறார். கையும் களவுமாய் நல்லாய் ஆப்பிட்டார். வரட்டும், இன்றைக்கு ஆளை விடுகிறேனா பார், சர்பத்து இனிச்சதோ அப்பா என்று வாசலிலேயே வைத்துக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு வாசல் படலைப் பக்கம் திரும்பினேன்.

மழைதான் பெய்துகொண்டிருந்தது.

அம்மா ஓடிவந்து என்னை இறுக்கிப் பிடிக்கும்வரைக்கும், கத்திக்கொண்டிருப்பது நான்தான் என்று எனக்குத் தெரியவில்லை.