உசுரு மட்டும்

ஒரு ஆங்கிலப் பாட்டைத் தற்கொலைக் கடிதம் என்று நம்பி, மதுராந்தகத்திலிருந்து கடப்பாக்கம் வரை ஹெல்மெட்கூடப் போடாமல் வண்டி ஓட்டிய புத்திசாலி நான். அந்தத் தாள் இன்னும் என் பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் இருக்கிறது. மறைமலைநகரில் நான் வேலை பார்க்கும் உதிரிபாகத் தொழிற்சாலையின் ஷிப்ட் ரிப்போர்ட் தாள் அது. முன்பக்கம் தேறிய பீஸ், கழிந்த பீஸ் என்று கட்டங்கள். பின்பக்கம் எங்கள் லைன் லீடரின் கோணல் கையெழுத்து: ‘இந்த உடம்பை இனிச் சுமக்க முடியவில்லை. என்னைப் பிடித்து வைக்காதே. போக விடு.’

லைன் லீடர் என்னைவிட நாலு வயது மூத்தவர். கம்பெனி பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட். கடப்பாக்கத்தில் வீடு, விடியுமுன் பைக்கில் மதுராந்தகம் வந்து பஸ் பிடிப்பார். தபால் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரனுக்கா நட்டு விற்கப் போகிறாய் என்று நான் தினமும் கேட்பேன். அவர் தினமும் சிரிப்பார். ஒரு சனிக்கிழமை அவருடைய புத்தகம் என் பையோடு வந்துவிட்டது. மறுநாள் மதியம் கரண்ட் போனதால் அதை எடுத்து விசிறிக்கொண்டேன். இலக்கியத்துக்கும் எனக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். விசிறிய வேகத்தில் அந்தத் தாள் மடியில் விழுந்தது.

போன் செய்தேன், எடுக்கவில்லை. நான் கடப்பாக்கம் போய்ச் சேர்வதற்குள் மனசுக்குள் பந்தல் போட்டு, சங்கு ஊதி, கேன்டீனில் நடக்கும் இரங்கல் கூட்டத்தில் என் பேச்சின் உருக்கமான பகுதிக்கு வந்திருந்தேன். அவர் வீடு எது என்று தெரியாததால் நேரே கடற்கரைக்குப் போனேன். அங்கே இடிந்த பழங்கோட்டைச் சுவருக்குக் கீழே மணலில் ஒரு சட்டை, ஒரு ஜோடி செருப்பு. முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கடலைப் பார்த்து “லீடரே, லீடரே” என்று கத்தினேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பது அலை இடுப்பில் அடித்தபோதுதான் நினைவுக்கு வந்தது. கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அம்மாள் நிதானமாகக் கேட்டார்: “இன்னா அண்ணாத்த, யாரக் கூப்ட்டுகினு கீற? அது எங்க வூட்டுக்காரு செருப்பு. அவரு தோ, வலை தச்சிகினு கீறாரு.”

அந்த அம்மாளே லீடர் வீட்டுக்கு வழி சொன்னார். லீடர் குழாயடியில் படுக்கை விரிப்பு அலசிக்கொண்டிருந்தார். தாளைக் காட்டினேன். என் ஈர பேன்ட்டைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு உள்ளே கூட்டிப்போனார்.

கட்டிலில் அவருடைய அப்பா கிடந்தார். ஒரு காலத்தில் கட்டுமரம் தள்ளிய ஆள். பக்கவாதம் வந்து மூன்று வருஷம். பேச்சு இல்லை, மூக்கில் குழாய், அசைவது கண் மட்டும். அந்தக் கட்டிலருகே உட்கார்ந்துதான் லீடர் தன் பாடப் புத்தகத்திலிருந்த அந்த ஆங்கிலப் பாட்டின் கதையைச் சொன்னார். கிரேக்கர்களுக்கு விடியலே ஒரு பெண் தெய்வம். அவள் ஒரு மனிதன்மேல் ஆசைப்பட்டு, அவன் சாகவே கூடாது என்று பெரிய சாமியிடம் வரம் வாங்கினாள். கிழடாகக் கூடாது என்று கேட்க மறந்துவிட்டாள். அவள் தினமும் காலையில் புதுசாக வருகிறாள். அவன் சுருங்கிச் சுருங்கிக் கிடக்கிறான். அவன் அவளிடம் கெஞ்சுவதுதான் பாட்டு. நான் பார்த்த மூன்று வரி, பரீட்சைக்காக லீடர் எழுதிவைத்த சாரம்.

“ஒரு ஃபாரம் ஒழுங்கா ரொப்பத் தெரில, இதுல சாமியாம்” என்றேன், வழக்கம்போல.

அவர் சிரிக்கவில்லை. “நானும் அதே ஃபாரம்தான் ரொப்புனேன் மச்சான். அப்பாவுக்கு வாதம் வந்தப்ப டாக்டரு கேட்டாரு, என்னா பண்ணலாம்னு. உசுரு மட்டும் இருந்தா போதும் சார்னேன். அத மட்டும் குட்த்தாரு.” குழாயைச் சரிசெய்தார். “புக்குல அவ மறந்துட்டான்னு போட்டுகீது. மறக்கல மச்சான். அவனக் கேக்கல, அவ்ளோதான். இன்னொரு வாட்டி எவனாச்சும் கேட்டா நான் வாயத் தொறக்க மாட்டேன். நீதான் சாட்சி.”

கிழவரின் கண் எங்கள் இருவர்மேலும் மாறி மாறிப் போனது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல் தலையாட்டி வைத்தேன். அதன்பிறகு கேன்டீனில் அந்தப் பாட்டுக்கு நான்தான் உரையாசிரியர். வரம் கேட்கிறவன் யாருக்காகக் கேட்கிறான் என்று இட்லி ஆறும்வரை விளக்குவேன்.

ஆடி மாதம் கிழவருக்கு மூச்சுத் திணறியது. செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தா. டாக்டர் நின்றபடியே கேட்டார்: மெஷினில் வைக்கட்டுமா, வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்களா? லீடர் சொன்ன சொல் காத்தார். வாய் திறக்காமல் சுவரைப் பார்த்தபடி நின்றார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கிழவரின் நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. யாரும் எதுவும் சொல்லாத அந்த அரை நிமிஷத்தை என்னால் தாங்க முடியவில்லை. பாட்டுக்கு உரை சொன்ன அதே வாயால் சொன்னேன்: “உசுரு மட்டும் இருந்தா போதும் சார்.”

லீடர் திரும்பி என்னைப் பார்த்தார். திட்டவில்லை. கையெழுத்துப் போடப் பேனா கேட்டார். என் பேனாவைத்தான் கொடுத்தேன்.

இப்போது அவர் வேறு கம்பெனியில் இருக்கிறார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்கு வந்தவன் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு தூங்குகிறான். என் ஜோக்குகளுக்கு ஆள் இல்லை. ரேஷன் கார்டை எடுக்கும்போதெல்லாம் அந்தத் தாள் கையில் தட்டுப்படும். முன்பக்கக் கட்டங்களை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். லீடர் அந்த வருஷம் பரீட்சை எழுதவில்லை. அவருடைய அப்பா மெஷினிலிருந்து மீண்டு, அதே கட்டிலில், அதே குழாயோடு, இன்னும் இரண்டு வருஷம் ஒரு மாதம் இருந்தார்.