செபஸ்தி மாமாவின் ஆள்காட்டி விரல்

செபஸ்தி மாமா போய்விட்டார். நேற்று காலை ஹார்ட் அட்டாக். இன்று சாயங்காலம் ராயபுரத்தில் எடுத்தாயிற்று.

வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. டீ போட்டேன், ஆறிப்போனது. மறுபடியும் போட்டேன்... அதுவும் அப்படியே இருக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாமா ஹார்பரில் சிக்னல் மேன். கீழே நின்று கிரேன் ஆபரேட்டருக்குக் கையால் சைகை காட்டுகிற வேலை. ரிடையர் ஆனதும் சர்ச் ஹாலில் தினமும் காலையில் வயதானவர்களுக்கு எக்சர்சைஸ் நடத்தினார்.

வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் காது கேட்காது. அதனால் அங்கேயும் கிரேன் சைகைதான். விரலை மேலே நீட்டிச் சுற்றினால் கிரேனுக்கு 'தூக்கு', இங்கே எழுந்திருக்க வேண்டும். கீழே காட்டிச் சுற்றினால் உட்கார வேண்டும்.

அம்மா ஒரு தடவை விழுந்ததிலிருந்து பாத்ரூமுக்குக்கூட என் தோளைப் பிடித்துத்தான் போவாள். அவளையும் அங்கே கூட்டிப்போனேன். முதல் நாள் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் திணறினாள். ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"கை குடுக்காதம்மா. நீயே தூக்கிகினு இருந்தா அந்தக் காலுக்கு இன்னா வேல?" என்றார் மாமா.

"விழுந்தா நீங்களா வந்து பாப்பீங்க?" எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்.

"பாத்துகினுதான் கீறேன். நீ வெளிய போய் நில்லு."

பயங்கரக் கோபம். ரெண்டு மாதம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்புறம் ஒரு நாள் அம்மா தானாகவே எழுந்து கிச்சனுக்கு வந்து, "இன்னாடி, கொயம்புல உப்பே இல்ல" என்றாள். அன்றைக்கே மாமா வீட்டுக்கு அந்தக் குழம்பைக் கொண்டுபோனேன், உப்புப் போட்டு. ஸாரி மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்...

நேற்றிலிருந்து அம்மா கட்டிலைவிட்டு எழவே இல்லை. "இனிமே யாரு என்ன எயுந்திருன்னு சொல்வா?" இதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். பழையபடி ஆகிவிடுவாளோ?

இன்று தாங்கிப் பிடித்து ஆட்டோவில் கூட்டிப்போய், அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். ஃபாதர் ஜெபம் முடித்துவிட்டார். பெட்டியைப் பிடித்திருந்தது எல்லாம் ஹார்பர் ஆட்கள். "தூக்கலாமா?" என்று கேட்டார்கள்.

அம்மா நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தாள். பாதங்களைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். என் கை தானாக நீண்டது... இழுத்துக்கொண்டேன்.

எழுந்துவிட்டாள். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுற்றினாள்.

பெட்டியைத் தூக்கினார்கள்.

போய் வாங்க மாமா. அன்றைக்குக் கத்தினதுக்கு ஸாரி. இன்றைக்கு நான் கை கொடுக்கவில்லை.