மச்சான் போட்ட தளம்

பெயிண்டைச் சோதிப்பது என் வேலை. நாகமலை புதுக்கோட்டையில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம். பெயிண்ட் அடித்த கான்கிரீட் கட்டிகளைக் கரியமில வாயு நிரப்பிய பெட்டிக்குள் வாரக்கணக்கில் வைப்போம். பிறகு உடைத்து, உடைந்த முகத்தில் மருந்து தெளிப்போம். ரோஜா நிறம் வந்தால் பெயிண்ட் வாயுவைத் தடுத்திருக்கிறது. நிறமே வராவிட்டால் வாயு உள்ளே போய்விட்டது. அந்தக் கான்கிரீட்டுக்குள் கம்பி இருந்தால் துருப்பிடிக்கும். டப்பாவில் கம்பெனிக்காரன் ஆயிரம் பெருமை எழுதியிருப்பான். நான் நம்புவது மருந்தை மட்டும்தான்.

திருவாதவூரில் அக்கா வீட்டு அடுப்படியில் கூரைத் தளம் பெயர்ந்து அடுப்பின் மேல் விழுந்தது. கொல்லையில் இருந்ததால் பிழைத்தாள். போன் செய்தாள்.

"தம்பி, உங்க ஆபீஸ்ல பாஸான பெயிண்டு எதுன்னு சொல்லு. ரெண்டு கோட்டு அடிச்சா என் காலம் முடியிற வரைக்கும் தாங்கும்னு கடைக்காரன் சொல்றான்."

"அவன மொதல்ல அந்த அடுப்படியில வந்து ஒக்காரச் சொல்லு."

அந்தத் தளம் மச்சான் போட்டது. ஊருக்கெல்லாம் வீடு கட்டிய கொத்தனார் அவர். செத்துச் சில வருடமாகிறது. பிள்ளை இல்லை. அக்காவுக்கு அவர் விட்டுப்போனது அந்த வீடு ஒன்றுதான்.

போய், விழுந்த இடத்தின் ஓரத்தில் உளி வைத்துத் தட்டினேன். மருந்து தெளித்தேன். வெறும் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. ஹாலில் தட்டினேன், அறையில் தட்டினேன். எங்கேயும் நிறம் வரவில்லை. கம்பிக்குக் கீழே விரல் கனம்கூடக் கலவை இல்லை. அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.

"பெயிண்டு இனிமே வர்ற வாயுவத்தான் தடுக்கும். இதுல ஏற்கெனவே கம்பி வரைக்கும் போயிருச்சு. இடிச்சிட்டுப் புதுசாத்தான் போடணும்."

"அவுக சரியாப் போடலையா?"

எனக்கு நயமாகப் பேச வராது. "போடல" என்றேன்.

அவள் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

"ஊரான் வீட்டுக்கெல்லாம் பாத்துப் பாத்துப் போட்டாக. நம்ம வீட்டுக்கு மீந்த சிமெண்டு, மீந்த நேரம்" என்றாள். பிறகு, "இடிக்கிற அன்னைக்கு நீ வந்து நிக்கணும். ஒரு கொத்தன் போட்டத இன்னொரு கொத்தன் வையாம இடிக்க மாட்டான். அவுகள ஒரு வார்த்தை சொல்லக் கூடாது" என்றாள்.

லீவு போட்டுவிட்டுப் போய் நின்றேன். அக்கா கொல்லையில் கல் கூட்டி டீ வைத்துக்கொண்டிருந்தாள். நாலு அடியிலேயே தளம் பொலபொலவென்று கொட்டியது. மேலே நின்ற கொத்தனார் சிரித்தார்.

"யாருண்ணே இந்தக் கூத்தப் பண்ணது? கம்பிய வெளியில காயப்போட்டிருக்கான்."

அவர் சொன்னது சரி. ஆய்வுக்கூடத்தில் நானாக இருந்தால் இன்னும் மோசமாகச் சொல்லியிருப்பேன். கொல்லையில் டம்ளர் சத்தம் நின்றுவிட்டது.

"நான்தான் போட்டேன்" என்றேன். "வேலையப் பாரு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அதான பாத்தேன். பேன்ட் போட்டவன் தளம் போட்டா இம்புட்டுத்தான்ணே வரும்."

இடிக்க வந்த ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா டீ கொண்டுவந்தாள். டம்ளரைக் கையில் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சாயங்காலம் வரை என்னை வைதுகொண்டேதான் இடித்தார்கள்.