சமீன் காக்கா அந்த வயரை ஏன் வெட்டினார்

சமீன் காக்கா மௌத்.

காலையில் பள்ளி ஸ்பீக்கரில் பெயரைச் சொன்னபோது வேறு யாரோ என்று நினைத்தேன். பிறகு "பஸார்ல ரேடியோக் கடை வெச்சிருந்த" என்று சேர்த்துச் சொன்னார்கள்... அவரேதான்.

அஸர் தொழுது அடக்கினோம். மையவாடியிலிருந்து வந்து போனைத் திறந்தால் கல்முனை முழுக்க அவருடைய போட்டோ.

"நேர்மையான வியாபாரி" என்று எழுதியிருக்கிறார்கள். நல்லது. இப்போதாவது தெரிந்திருக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பஸாரில் ஒரு ஆள் மட்டும் நிற்கக்கூடிய கடை. ரேடியோ, டோர்ச், சார்ஜ் லைட் திருத்துவார். வாய் மட்டும் கடையை விடப் பெரிது.

என் மனைவி படுக்கையில் இருந்த காலம் அது. கழுத்தில் ஒபரேஷன் செய்ததில் குரல் போய்விட்டது. உம்மா குசினியில் சமைத்துக்கொண்டு நின்றால் அவளால் கூப்பிட ஏலாது.

நான் டெக்னீஷியன்தானே... ஒரு பெல் செய்தேன். பட்டன் அவளுடைய கையில், பஸர் குசினிச் சுவரில்.

அவளைப் புரட்ட, கழுவ, தூக்க ஒவ்வொரு முறையும் வயரைக் கழற்றி மாட்ட வேண்டும். அதற்கு ஒரு சின்ன கனெக்டர் தேவை. ரெண்டு பின், இடைவெளி ரெண்டு மில்லிமீட்டர். பெல்லின் சர்க்கிட் போர்டில் ஒரு பாதி இருந்தது, மற்றப் பாதி இல்லை.

ஒன்லைனில் ஓடர் பண்ணினேன். ரெண்டரை மில்லிமீட்டர் வந்தது. திருப்பி அனுப்பினேன். மறுபடியும் ரெண்டரை வந்தது.

கடைசியில் போர்டையே தூக்கிக்கொண்டு சமீன் காக்காவிடம் போனேன். அவரும் ஒரு டப்பாவைக் கிளறி ரெண்டரையைத்தான் நீட்டினார்.

"இது பெரிசு காக்கா. எனக்கு ரெண்டு மில்லி வேணும்."

"அர மில்லிக்கா தம்பி இவ்வளவு கதை? அமத்துங்க, புடிக்கும்."

"அமத்தினா பின் வளைஞ்சிரும்."

"உங்கட படிப்பக் கொண்டு வந்து அளந்தா எண்ட கடையில ஒரு சாமான் விக்க ஏலா. என்னத்துக்கு இது?"

சொன்னேன்.

அவர் டப்பாவை மூடினார். திரும்பி, திருத்தி வைத்திருந்த ஒரு சின்ன சார்ஜ் பேனை, மேசைக் காற்றாடியை, இறக்கினார். ஸ்குரூவைக் கழற்றி, பெட்டரி வயரைப் பிளக்கோடு வெட்டி என் கையில் வைத்தார். போர்டில் குத்திப் பார்த்தேன். கச்சிதமாக இருந்தது.

"ஆர்ர பேன் காக்கா இது?"

"குடுத்துட்டு இந்தப் பக்கமே வராத ஒராள்ர. வந்தா நான் கதைச்சிக்கிறன். நீங்க ஓடுங்க, புள்ள பாத்துட்டு இரிக்கும்."

அன்று மாலையே பெல் அடித்தது. பிறகு நிற்கவே இல்லை. தண்ணிக்கு அடித்தாள், யன்னலைத் திறக்க அடித்தாள், நான் சத்தமாகக் கதைத்தால் அதற்கும் அடித்தாள்.

"இவள் ராணி, நான் வேலைக்காரி" என்று உம்மா குசினியிலிருந்து கத்துவார். அதற்கும் ஒரு பெல்.

பேன்காரர் வந்திருக்கிறார். "ஏன் வெட்டின?" என்று கேட்டிருக்கிறார். "தேவைப்பட்டிச்சு, புதுசு தாறன்" என்று காக்கா கடையிலிருந்த புதுப் பேனை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவர் அதையும் பழையதையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், வெட்டிய வயரைப் போட்டோ போட்டு எழுதினார். "இந்தக் கடையில் சாமான் கொடுக்காதீர்கள், பார்ட்ஸ் களவெடுக்கிறார்கள்."

ஊரே ஷேர் பண்ணியது. கள்ளன், ஹராம் என்று கொமெண்ட். இன்றைக்கு அழுகை இமோஜி போட்டிருக்கிற பாதிப் பேரை அதற்குக் கீழேயும் பார்த்திருக்கிறேன்.

நான் கடைக்கு ஓடினேன். "காக்கா, ஏன் வெட்டினதெண்டு நான் எழுதுறன்."

"என்னத்த எழுதப் போறீங்க? படுக்கையில கிடக்கிற பொம்புளப் புள்ளட நோவையா? அதுக்குக் கீழ இவனுகள் கொமெண்ட் போடவா? வாய மூடிட்டு இரிங்க."

"உங்கட பேர் கெடுது காக்கா."

"எண்ட பேர நான் பாத்துக்கிறன். நீங்க புள்ளயப் பாருங்க."

எழுதவில்லை. பேன்காரரின் வீட்டுக்கு மட்டும் போய் நேரில் சொன்னேன். "அப்பிடியா தம்பி, விளங்குது, எடுத்துர்ரன்" என்றார். எடுக்கவில்லை.

காக்காவின் கடைக்கு ஆட்கள் வருவது குறைந்தது. பிறகு ஷட்டர் பாதிதான் திறந்திருக்கும்.

என் மனைவி மௌத்தானபோது ஜனாஸாவுக்கு வந்தார். எல்லோரும் கையைப் பிடித்து "ஸப்ர் செய்யுங்க" என்றார்கள். சிலர் அங்கேயே, "வயசு இரிக்கிதானே, இன்னொரு கலியாணம் பிறகு பாப்பம்" என்றும் சொன்னார்கள். இவர் மட்டும் கிட்ட வந்து மெதுவாகக் கேட்டார்.

"பெல் கடைசி வரைக்கும் அடிச்சதா தம்பி?"

"ஓம் காக்கா."

"சரி" என்றார். போய்விட்டார்.

இன்றைக்குப் பேன்காரரும் போட்டோ போட்டிருக்கிறார். "ஒரு நல்ல மனிதரை இழந்துவிட்டோம்." அதே பக்கத்தில் கீழே போனால் அந்தப் பழைய பதிவு இன்னும் கிடக்கிறது... போய்ப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

காக்கா வாயை மூடச் சொன்னது என் மனைவிக்காக. அவள் இல்லை, இப்போது அவரும் இல்லை. யாருக்காக இனி மூடிக்கொண்டிருப்பது?

அவளுடைய பெயரை மட்டும் இப்போதும் போடவில்லை காக்கா.

நாளை மஹ்ஷரில், அல்லாஹ்வின் முன்னால், அந்த வயரைப் பற்றிக் கேள்வி வந்தால் என்னையும் அவளையும் காட்டுங்கள். நாங்கள் வந்து சொல்கிறோம்.